பூமணி டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்திலிருந்து பிறந்தது. (ஆழ்மனம், கனவு என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான்.)

2008இல் நான் சாய்ந்தமருதில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டிஷ் அன்டனா பூட்டுகிற நளீர் ஒரு பின்னேரம் வந்து, கசங்கிய கடதாசி ஒன்றை நீட்டினார்.

"சேர், இத ஒருக்காத் தமிழில சொல்லுங்க."

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான் பெட்டிக்குள் கிடந்ததாம். வீடு போலக் கட்டிய பெரிய வாகனங்களில் ஊர் ஊராகப் போகிறவர்கள், தங்கள் வழக்கமான செய்மதி அலைவரிசைகளைப் போகுமிடமெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று அதில் எழுதியிருந்தது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். மரம் மறைக்காமல் பாருங்கள். ஒவ்வொரு தரிப்பிலும் டிஷ்ஷைப் புதிதாகத் திருப்புங்கள். நளீருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கடைசிப் பந்தியில்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலைவரிசைகள் வீட்டு முகவரியைப் பார்த்துத்தான் தரப்படும். வாகனமே வீடு என்றால் அப்படியொரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும்.

"வேன்தான் வீடெண்டு எழுதிக் குடுக்க ஏலுமா சேர்?"

"அங்க ஏலும்" என்றேன்.

அந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

2

தொடக்கம் ஒன்று: அன்று கடல் அமைதியாக—

(வேண்டாம். 2004க்குப் பிறகு இந்தக் கரையில் எழுதப்பட்ட கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. அவற்றில் மூன்று என்னுடையவை.)

தொடக்கம் இரண்டு: தன் வேனுக்குள், தனித்த தீவொன்றைப் போல நளீர்—

(நளீர் இதை வாசித்துவிட்டு, "தீவா? நான் ரோட்டு ஓரத்திலதானே நிப்பாட்டிற" என்றார். வெட்டிவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: நளீரின் வீடு கடலிலிருந்து நாற்பது மீற்றர் தூரத்தில் இருந்தது. சுனாமி வீட்டையும் அவருடைய மனைவி ஜுனைதாவையும் கொண்டுபோனது. அறுபத்தைந்து மீற்றருக்குள் இனிக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. கிடைத்த நிவாரணத்தோடு ஒரு பழைய டொல்பின் வேனை எடுத்து, பின் ஆசனங்களைக் கழற்றி, பாய் விரித்து, அதிலேயே இருந்துவிட்டார். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கார் பற்றரியில் ஓடும் பதினாலங்குல டிவி, கூரைமேல் ஒரு டிஷ். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அவருக்குத் தொழில் இருந்தது.

இதையே வைத்துக்கொள்கிறேன். அலங்காரமில்லை, ஆனால் பொய்யுமில்லை.

3

நளீர் டிஷ் திருப்புகிற முறையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை நகராது.*

எங்கே நிறுத்தினாலும் முதலில் பள்ளிவாசலைத் தேடுவார். தொழும்போது முகம் வைக்கிற திசை, கிப்லா, எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்கியிருக்கும். பள்ளியின் முன்சுவர் அதற்கென்றே கட்டப்பட்டது. அந்தச் சுவர் பார்க்கிற திசைக்கு நேரெதிர்த் திசையில் டிஷ்ஷின் முகத்தை வைத்து, ஒரு விரற்கடை தெற்கே தள்ளினால், அவருடைய அலைவரிசைகள் எல்லாம் வந்து விழும். திசைகாட்டி வாங்குங்கள் என்று நான் சொன்னபோது சிரித்தார்.

"திசைகாட்டி பிழைச்சாலும் பள்ளி பிழைக்காது சேர்."

* அடிக்குறிப்பு போட்டதற்கு மன்னிக்கவும். வாத்திப் புத்தி. சொல்ல வந்தது இதுதான்: நான் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. நளீர் மிக நல்லவராகத் தெரிகிறார். கதையில் வருகிற நல்லவர்களை நான் நம்புவதில்லை. ஆகவே அவர் கோபத்தோடு சொன்ன ஒன்றையும் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த நாள் கல்முனை வீதியில் ஒருவரைப் பிடித்து, "என்ட ஜுனைதாவக் கண்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு ஜுனைதாவை மட்டுமட்டாகத்தான் தெரியும். ஆனால் நளீரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், கண்டன். தலையில கட்டோட ஆஸ்பத்திரியில இரிக்கா" என்றார். நளீர் நாற்பத்து மூன்று நாட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். அதே முதல் இரண்டு நாட்களில்தான் பாடசாலை மைதானத்தில் மையித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, வரிசையாகக் கிடத்தி, ஆள் அடையாளம் காணக் கூப்பிட்டு, பிறகு ஒன்றாக அடக்கினார்கள். நளீர் அந்தப் பக்கம் போகவேயில்லை. மனைவி உயிரோடு இருக்கும்போது அங்கே என்ன வேலை?

"அந்த ஓம் இல்லாட்டி நான் அவளக் கண்டிருப்பன். என்ட கையால மண் போட்டிருப்பன்" என்றார்.

அவ்வளவோடு நின்றிருந்தால் எனக்குக் கதை எளிதாயிருக்கும். கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னார்:

"ஆனா சேர், அந்த நாப்பத்திமூணு நாளும் நான் சோறு திண்டன்."

பிறகு தகரக் கொட்டில் முகாமில் அவளுக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுதார். முன்னால் மையித்து இல்லாமல் தொழுகிற தொழுகை அது. தொழுத பள்ளியும் தகரக் கொட்டில்தான். முகாமின் ஆண்கள் அவசர அவசரமாகக் கட்டியது. கம்பம் நடுவதற்குக் கயிறு பிடித்தவர்களில் நளீரும் ஒருவர்.

5

2009 மே மாதம். வன்னியில் யுத்தம் முடிகிற வாரம்.

திருக்கோவிலில் ஒரு வீட்டுக்காரர் நளீரைக் கூப்பிட்டிருந்தார். டிஷ் பூட்டுவதற்கல்ல, கழற்றுவதற்கு. கூரையில் டிஷ் இருந்தால் என்ன பார்க்கிறாய் என்று கேள்வி வரும் என்ற பயம். நளீர் கழற்றி இறக்கும்போது பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். பெயர் பூமணி. ஐம்பத்தெட்டு வயது, வயல் வேலை செய்து இறுகிய கைகள்.

"தம்பி, கழட்டாதீங்க. பின்னேரம் வரைக்கும் விட்டுவைங்க."

காலை ஒன்பது மணிச் செய்தியை அந்த வீட்டில்தான் பார்த்திருக்கிறார். வன்னியிலிருந்து வருகிற சனங்களை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். வரிசையில் ஒரு பிள்ளை, இடுப்பில் யாருடையதோ குழந்தையோடு. ஒரு கணம்தான். தன் மகள் கஜேந்தினி என்று பூமணிக்குப் பட்டது. கஜேந்தினி கலியாணம் கட்டி முல்லைத்தீவுக்குப் போய் ஐந்து வருடம். ஜனவரியோடு தகவல் நின்றுவிட்டது. அதே செய்தி மூன்றரைக்குத் திரும்பப் போகும்.

வீட்டுக்காரர் ஏலாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. நளீர் பூமணியைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார்.

"இஞ்ச நிப்பாட்டிப் பாக்க ஏலா அக்கா. எங்கட ஊருப் பக்கம் எண்டா இந்த வேன எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வாறீங்களா?"

(ஒரு தமிழ்ப் பெண், அந்த வாரத்தில், முன்பின் தெரியாத முஸ்லிம் ஆணின் வேனில் ஏறுவாரா என்று என் நண்பர் ஒருவர் பிரதியின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். நானும் யோசித்தேன். பூமணி யோசிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.)

6

வழியில் பூமணி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த படத்தை எடுத்துக் காட்டினார். இரட்டைப் பின்னல், பாடசாலைச் சீருடை, பயந்த சிரிப்பு.

"நல்லாப் பாத்துக்கொள்ளுங்க தம்பி. என்ட கண்ண நான் நம்புறல்ல, நாலு மாசமா எல்லாப் புள்ளையும் அவளாத்தான் தெரியிது. நீங்களும் பாத்துச் சொல்லுங்க."

இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டாவதில் அரை மணித்தியாலம். சாய்ந்தமருதை எட்டும்போது மூன்று இருபது. நளீர் வழக்கமாக நிறுத்துகிற கடற்கரை வளவுக்குப் போகிற வீதியை அன்று மறித்திருந்தார்கள். வேறு யோசிக்க நேரமில்லை. வேனை மேற்கே திருப்பி, வயல் ஓரத்துப் பழைய தகரக் கொட்டில் முகாமுக்குள் விட்டார். 2005க்குப் பிறகு அவர் அங்கே போனதில்லை. அநேகம் பேர் வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். பள்ளிக் கொட்டில் மட்டும் நின்றது.

சுவரைப் பார்த்தார், எதிர்த்திசையை எடுத்தார், டிஷ்ஷை வைத்தார். திரையில் புள்ளி மழை. வானம் வேறு மூடிக் கிடந்தது.

வயரைக் கழற்றிப் பூட்டினார். புள்ளி மழை. டிஷ்ஷின் மூக்கில் இருக்கிற எல்என்பியை மாற்றினார். பற்றரி முனையைச் சுரண்டினார். சமிக்ஞை பார்க்கிற சின்ன மீற்றர் செத்துவிட்டதென்று அதைத் தட்டினார். மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது. பூமணி மகளின் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான் நளீருக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தார், அந்தச் சுவரைத் தவிர.

அசர் என்கிற பின்னேரத் தொழுகைக்கு வந்த ஒருவர் கொட்டிலின் கதவைத் திறந்தார். நளீர் தற்செயலாக உள்ளே பார்த்தார். தொழுகைப் பாய்கள் சுவரோடு சேர்ந்து கிடக்கவில்லை. மூலைக்கு மூலை சரிவாக, சுவருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாதது போலக் கிடந்தன.

"பாய் என்ன இப்பிடிக் கிறுகிக் கிடக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாதா காக்கா? இந்தப் பள்ளி பிழை. ரெண்டு வருஷத்துக்கு முதல் அளந்து பாத்துக் கண்டுபுடிச்ச. சுவர இடிக்க ஏலாதானே, பாயத் திருப்பிப் போட்டாச்சு."

நளீருக்குப் பள்ளி கட்டிய அந்த 2005 ஜனவரி நினைவு வந்தது. கயிறு பிடித்த எவருக்கும் கடற்பக்கம் திரும்ப மனமில்லை. கடலுக்கு நேராக முதுகைக் கொடுத்துக் கம்பத்தை நட்டுவிட்டார்கள். அதிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்க வேண்டும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜுனைதாவுக்குத் தொழுததும் அந்தத் திசையில்தான்.

நினைத்து அழ அவருக்கு நேரம் இருக்கவில்லை. ஓடினார்.

7

டிஷ்ஷின் தண்டை இறுக்குகிற நட்டு அவசரத்தில் கை தவறி மணலுக்குள் விழுந்தது. தேடவில்லை. பூமணியை வேனின் பின் ஏணியில் ஏற்றிவிட்டார்.

"அக்கா, விளிம்ப ரெண்டு கையாலயும் புடிங்க. நான் சொல்றப்போ மெல்லத் தெக்குப் பக்கம் கிறுக்குங்க. படம் வந்தா நில் எண்டு கத்துவன். அதுக்குப் பிறகு உசிர் போனாலும் விட வாணாம். விட்டாப் படம் போயிரும்."

உள்ளே போய்த் திரையின் முன்னால் குந்தினார்.

"இன்னம் கொஞ்சம்... இன்னம்... நில்லுங்க!"

படம் வந்தது. பஸ், திறந்த கதவு, சனங்கள். செய்தி முடிகிற இடம். வரிசையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. வயது இருபதாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். அவள் கமராவைப் பார்த்தாள், அல்லது கமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்தாள். நளீர் இரட்டைப் பின்னலை அந்த முகத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் பொருந்தியது. மறுபக்கம் பொருந்தவில்லை. பிறகு செய்தி வாசிப்பவர் வந்துவிட்டார்.

மேலேயிருந்து குரல் கேட்டது.

"கண்டீங்களா தம்பி? என்ட புள்ளையா?"

8

முடிவு அ: நளீர் "ஓம்" என்றார். பூமணி அன்று இரவு சாப்பிட்டார். அதன் பிறகு வவுனியா முகாம்களின் முள்ளுக்கம்பி ஓரமாக ஒவ்வொரு மாதமும்—

முடிவு ஆ: நளீர் "இல்லக்கா" என்றார். பூமணி ஊருக்குப் போய் முப்பத்தொன்றாம் நாள் கிரியை—

முடிவு இ: நளீர் "தெரியா" என்றார். இதுதான் உண்மை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நளீரிடம் சொன்னேன். "நான் அவவக் கூட்டி வந்ததே தெரியா எண்டு சொல்றதுக்கா சேர்?" என்றார்.

அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்கு அவர் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். பிழையான பக்கம் தொழுததைப் பற்றி ஒரு மௌலவியிடம் கேட்டாராம். தெரியாமல் செய்ததால் அந்தத் தொழுகை கூடும், செல்லும், திரும்பத் தொழத் தேவையில்லை என்று பதில் வந்ததாம்.

"ஜுனைதாட தொழுகை கூடிற்று. அந்தப் பிழைச் சுவரால போன அந்தப் பொம்பிளைட பத்து நிமிஷத்துக்கு நான் ஆரிட்டக் கேக்கிற?"

9

2010இல் நான் திருக்கோவிலுக்குப் போனேன். கதைக்கு முடிவு தேடித்தான் போனேன், மறைக்கவில்லை. பூமணி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி தந்தார். நளீரைச் சுகம் விசாரித்தார். திறந்த கதவுக்குள் சுவரில் ஒரு படம் தொங்கியது. மாலை போட்டிருந்ததா என்று கேட்பீர்கள். தலையைக் கொஞ்சம் சரித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சரிக்கவில்லை. கோழைத்தனம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இனி என்னிடம் கேட்பதில் பயனில்லை. பூமணி ஏணியில் நிற்கிறார். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கீழேயிருந்து சத்தம் இல்லாததால் இன்னொரு தரம் கேட்கிறார்: "தம்பி, என்ட புள்ளையா?" திரைக்கு முன்னால் இப்போது நளீர் இல்லை. இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் குந்தியிருக்கிறீர்கள். விட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. நீங்கள் வாய் திறக்கும்வரை அவர் கையை எடுக்கப்போவதில்லை.