வெறும் சுவர்

அப்பாவின் உடலுக்கு எதிர்ச் சுவரில், படம் காட்டுவதற்காக அண்ணன் ஃபிலிமோனே வெள்ளைத் துணியை ஆணியடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் லவீனியாவின் மண்டையில் விழுந்தது.

"ஆக்லாந்துல இதைப் பாத்து அழாத ஆளே இல்ல. நம்ம ஜனங்களும் பாக்கட்டும்" என்றான் அண்ணன்.

படம் அப்பாவைப் பற்றியது. மறதி நோய் முற்றி, மகளையே "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்ட அப்பா. அதில் லவீனியா அவர் தலையைச் சீவுகிறாள். வாய் திறக்க மறுப்பவருக்கு, அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் தின்றுகாட்டி ஊட்டுகிறாள். டோங்கா தீவுகளில் பெற்ற பிள்ளை அப்பாவின் தலையைத் தொடக்கூடாது, தட்டில் கைவைக்கக்கூடாது. வேறு நாதியில்லாமல் வருஷக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தாள். ஆக்லாந்திலிருந்து கேமராவோடு வந்த இவன் அந்தக் கதவை ஊருக்கே திறந்துவிட்டான். அழுவதற்கு ஆக்லாந்து நிறைய ஆள் இருந்தது, குளிப்பாட்டத்தான் ஒருவரும் வரவில்லை.

இழவு வீட்டில் அப்பாவின் அக்காள் சொல்வதுதான் சட்டம். தூபோ அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலோரம் கிடக்க வேண்டும். அங்கிருந்தே லவீனியா வாயைத் திறந்தாள்.

"அத்தை, அந்தத் துணியைக் கழட்டச் சொல்லுங்க."

"ஏன்டி, அதுல என்ன இருக்கு?"

"நான் அப்பா தலையைத் தொட்டது இருக்கு. அவரு தட்டுல தின்னது இருக்கு. எனக்கு வெக்கமில்ல. ஆனா புத்தி தெளிவா இருந்திருந்தா, அதைப் படம் எடுக்க அப்பா விட்டிருப்பாரா?"

விசிறிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

"அவ பெருமைக்குத்தானே அத்தை எடுத்தேன்!" என்றான் அண்ணன்.

"எடுத்த நேரத்துல நீ ஒரு தடவ சீவிவிட்டிருந்தா என்னடா?"

"பெத்த பிள்ளை தலையைத் தொடக்கூடாதே, அத்தை."

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"ஆணியைப் பிடுங்கு" என்றாள் அத்தை.

துணி இறங்கியது. அத்தை சீப்பை எடுத்துத் தம்பியின் தலையை வாரினாள். முடி படியாமல் நெற்றியிலேயே விழுந்தது.

"இவனுக்கு வகிடு எந்தப் பக்கம்டி?"

"இடது பக்கம், அத்தை."

இன்னொரு முறை வாரிப் பார்த்தாள். பிறகு சீப்பை வாசல் பக்கம் நீட்டினாள்.

லவீனியா தவழ்ந்து வந்து அதை வாங்கினாள். பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.