இரண்டாவது பிரேக்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பயத்தில் பிறந்தது. ஊத்துக்குளி ரோடு மேம்பாலத்தில் ஏறிய எல் போர்டு லாரி ஒன்று, பின்னால் ஸ்கூட்டரில் நின்ற என்னை நோக்கி உருண்டு வந்து, ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும். பிரேக்கை மிதித்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எழுதுகிறேன்.

2.
‘விடிகாலைத் திருப்பூர் சாயப்பட்டறை வாசத்தில்’ — வேண்டாம். ‘சாதனைப் பெண் ஒச்சம்மாள்’ — காதில் விழுந்தால் அவளே சிரிப்பாள்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒச்சம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறாள். முதலாளி அதை விற்று லாரி வாங்கப்போகிறார். ஹெவி லைசென்ஸ் எடுத்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் பனியனில் தொங்கும் நூல் பிசிறு வெட்டத்தான் உட்கார வேண்டும். அந்தப் பஞ்சுத் தூசியில் இருமி இருமித்தான் வண்டிக்கே வந்தவள்.

3.
பயிற்சியாளர் சுப்பண்ணன். இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். குரல் உயராது, மரியாதை குறையாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவார்.

“ஏனுங்கம்மிணி, அது தோசக்கரண்டிங்களா? கியருங்க.”

“நீங்க ஓட்டறதா நெனச்சுட்டு இருக்கறீங்க. ஓட்டறது நானுங்க.”

கடைசியாகச் சொன்னதுதான் கதை. பயிற்சி லாரியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவசரத்துக்கு வைத்தது. அவரோ அவள் மிதிக்கும் முன்பே மிதித்துவிடுவார். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தியது தானா, அவரா என்று ஒச்சம்மாளுக்குத் தெரிவதே இல்லை.

எதிர்த்துப் பேசினால் அன்றைக்கு இறக்கிவிட்டுவிடுவார். அதனால் வண்டி துடைக்கிற பனியன் வேஸ்டில் ஒரு துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டினாள். [இதை வேடிக்கையாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை.]

4.
மேம்பாலம். முழங்கால் கடுப்பென்று சுப்பண்ணன் இரண்டு காலையும் ஸீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு, முறுக்கு தின்றுகொண்டிருந்தார். மேட்டில் லாரி பின்னால் உருண்டது. ஒச்சம்மாள் மிதித்தாள். நின்றது.

“நாந்தான் புடிச்சனுங்க,” என்றார் அவர். “இல்லீன்னா பின்னால இருக்கறவன் போயிருப்பானுங்க.”

அவள் வாயிலிருந்த துணியை எடுத்தாள். “சரிண்ணே.”

5.
‘அவள் திரும்பி அவர் கால்களைப் பார்த்தாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். பின்னால் உருளும் லாரியில் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். ‘சுப்பண்ணன் மனம் இளகி’ — இளக என்ன இருக்கிறது? தான்தான் மிதித்ததாக அவர் மனசார நம்புகிறார். ‘டெஸ்ட் அன்று’ — டெஸ்டுக்கே அவள் போகவில்லை.

“எனக்கு வண்டி நிக்க மாட்டேங்குது மொதலாளி,” என்றாள். “யாரு மேலயாவது ஏத்திப்புடுவேன். பிசிறே வெட்டுறேன்.”

எனக்கு ஆறவில்லை. அந்த லாரியை ஒரே ஒரு முறை அவள் தானே நிறுத்தினாள், அதுவும் அவளுக்குத் தெரியாது. எழுதுகிறவன் எவ்வளவு கத்தினாலும் பாத்திரத்தின் காதில் விழாது. அவர் கால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். இதற்கு முடிவு என்னிடம் இல்லை. திங்கட்கிழமை காலை அவள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்கிறாள், இருமுகிறாள். யாராவது அவளிடம் போய்…