அக்காவின் வளவுக்கு மேலால்

ஃபோன் கம்பனி வான் வண்டியில் வந்திறங்கிய பஸ்லான், யசோதினியின் புது வீட்டு முற்றத்தில் நின்று மெயின் றோட்டுத் தூணை எட்டிப் பார்த்தார். காத்தான்குடிக்காரர், இருபது வருடமாகத் தொலைபேசிக் கம்பி இழுக்கிறவர். தூணுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடந்த வளவு யாருடையது என்று கேட்டார்.

"அக்காட," என்றாள் யசோதினி.

"பிறகென்ன தங்கச்சி, லேசான வேலதானே! அவட வளவுக்கு மேலால கம்பி போறதுக்குச் சம்மதம் எண்டு இந்தப் பேப்பர்ல ஒரு சைன் வாங்கித் தாங்க. ஃபோனும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில வந்திரும்."

அக்காவோடு யசோதினி பேசி மூன்று மாதமாகிறது.

"ஒழுங்கையால சுத்திக் கொண்டுவர ஏலாதா நானா?"

"ஏலும். நாலு தூண் நடணும். எழுதிப் போட்டா ரெண்டு மாசமும் ஆகும், மூணு மாசமும் ஆகும். நான் வெள்ளிக்கிழம காலைல திரும்ப உங்கட செட்டிபாளையத்துக்கு வருவன். சைன் இரிந்தா ஜும்ஆத் தொழுகைக்கு முதல் இழுத்துத் தந்திருவன்."

இரண்டு மாதத்துக்கு யசோதினி எங்கே போவாள்? பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்த அவள் புருசன் சுதாகரன் இன்னமும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். மேசன் வேலையை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டொக்டர். அந்த நேரத்தில்தான் கொழும்புக் கம்பனியொன்று, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வாடிக்கையாளருக்குத் தமிழில் பதில் சொல்லும் வேலைக்கு அவளை எடுத்தது. ஒரேயொரு நிபந்தனை. வீட்டுக்கு நிரந்தர இணைப்பு எடுத்து, அதன் வேகத்தைப் படமெடுத்து வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். வாவிப் பக்கத்து அவள் வளவிலோ கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் அதற்கு மனம் வந்தால்.

அக்கா கண்ணகைக்கும் அவளுக்கும் காணிச் சண்டை இல்லை. அந்த ஊர்ப் பக்கத்தில் தாயின் வளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். றோட்டுக்கரைப் பாதி மூத்தவளுக்கு, வாவிக்கரைப் பாதி இளையவளுக்கு என்று தாய் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டாள். வினை வந்தது புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய குடிபூரலில். ஊரில் நல்ல காரியம் என்றால் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்கு மானமுள்ளவர்கள் வரமாட்டார்கள். சுதாகரனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யசோதினி களுதாவளை வரைக்கும் போய்ச் சொன்னாள். பக்கத்து வளவுக்கு மட்டும் போகவில்லை. சொந்த அக்காவுக்கு எவளாவது வெற்றிலை வைப்பாளா? அக்கா வீட்டு ஆள், விடியமுதல் தானே வந்து அடுப்பு மூட்டுவாள் என்று இருந்துவிட்டாள்.

அக்கா வரவில்லை. சுப நேரம் தப்பப் பார்த்தது. கடைசியில் சுதாகரனின் தமக்கை பால் பானையை அடுப்பில் ஏற்றினாள். அக்காவுக்குப் பொறாமை என்று யசோதினி முடிவு கட்டினாள். கட்டினவள் அதை மனதுக்குள் வைத்திருந்தாளா? கிணற்றடியில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். அவள் வாய் அப்படி. மறுநாளே இரண்டு வளவுக்கும் நடுவில் போய்வரும் வழியைக் கண்ணகை தகரம் வைத்து அடைத்துவிட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் யசோதினி தட்டத்தில் வெற்றிலை வைத்துப் புருசனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பத்து எட்டில் போகிற இடத்துக்கு ஒழுங்கையால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஊன்றுகோல் மணலில் புதையப் புதைய சுதாகரன் நடந்தான். அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

கண்ணகை விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இரிங்க தம்பி. கால் எப்பிடி?"

தங்கச்சி நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியவேயில்லை. சுதாகரன்தான் வேலையைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்லி முடித்தான்.

"அப்ப இந்த வெத்தில கம்பிக்கா?" என்று கேட்டாள் கண்ணகை.

"அக்கா, அண்டைக்கு உங்களுக்குச் சொல்லாம விட்டது என்ட பிழதான்," என்றாள் யசோதினி. "வீட்டாளுக்கு என்னத்தச் சொல்ற எண்டு இரிந்திட்டன்."

கண்ணகை அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள்.

"வெத்திலைக்கா நான் கோவிச்சன்? விடிய நாலு மணிக்கே முழுகி, சீல உடுத்து, புதுப் பானையும் வாங்கி வச்சிட்டு இரிந்தன். அம்மா இல்லாத வீட்டுல பால் பானைய நான்தானே ஏத்தணும்? உன்ட மச்சாள்மார்ர கண்ணுக்கு முன்னால, கூப்பிடாம எப்பிடி நான் பானையத் தூக்கிட்டு வாற? நேரமாகுது வாங்கக்கா எண்டு வேலியடியில நிண்டு ஒரு சத்தம் வச்சிரிந்தா ஓடி வந்திரிப்பன். பால் பொங்கினதுக்குக் கொளுத்தின வெடிச் சத்தம்தான் கேட்டிச்சி."

குடிபூரலன்று காலை நடந்தது யசோதினிக்கு நினைவு வந்தது. ஆளனுப்பி அக்காவைக் கூப்பிடுவோம் என்று சுதாகரன் இரண்டு தரம் சொன்னான். வர விருப்பமென்றால் வரட்டும் என்று வெடுக்கென்று சொன்னது அவள்தான். வேலிக்கு முப்பது அடிகூட இல்லை.

"அதுக்குப் பிறகு என்னப் பொறாமக்காறி எண்டாய்," என்றாள் கண்ணகை. "இந்தக் காதால கேட்டன்."

யசோதினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா" என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள். கண்ணகை கையை விலக்கிப் பேப்பரை வாங்கினாள். பேனை கேட்டு, பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"கம்பி போகட்டும். உன்ட புருசன் சாப்பிடணும், பிள்ளையள் படிக்கணும். நீ மட்டும் இனி இந்த வாசலுக்கு வரப்படா. வெத்திலைய எடுத்திட்டுப் போ."

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை பஸ்லான் வந்தார். தூணில் ஏறினார், கம்பியை இழுத்தார், யசோதினியின் கூரைக்குக் கீழே கொக்கி அடித்து மாட்டினார். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தபோது சுதாகரன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

"உங்கட அக்கா நல்ல மனுசி," என்றார் பஸ்லான், தேத்தண்ணியைக் குடித்தபடி. "கம்பியில முட்டும் எண்டு மாங்கொப்பு ரெண்ட அவவே வெட்டித் தந்தா. காத்துக்கு அறுந்திராம இறுக்கிக் கட்டுங்க, தங்கச்சிர வேல போயிரும் எண்டு மூணு தரம் சொன்னா."

யசோதினியால் அங்கே நிற்க முடியவில்லை. குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினொன்றரைக்குப் படம் போனது. மூன்று மணிக்குப் பதில் வந்தது: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடக்கம். சுதாகரன் தன் தமக்கைக்குச் சொல்லு என்றான், பிள்ளைகளின் டீச்சருக்குச் சொல்லு என்றான். யசோதினி ஃபோனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் வட்ஸ்அப்பில் அக்காவின் பெயரை அழுத்தினாள்.

தகர வேலிக்கு அந்தப் பக்கம், முற்றத்திலேயே மணி அடித்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. அக்காவின் ஃபோனில் இப்போது தன் பெயர் தெரியும் என்று யசோதினி நினைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பிறகு அக்கா மறுபடியும் முற்றம் கூட்டத் தொடங்கினாள்.