அமீனா வராத தீர்ப்பு

இந்தக் காலத்தில் எவனும் கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்பதில்லை. வெயிலில் நின்றுகொண்டு வெயிலைப் பற்றிப் பேசக்கூட இந்தப் பெண்ணுக்குப் போன் வேண்டியிருக்கிறதே என்று செங்கோட்டையனுக்கு எரிச்சலாக இருந்தது.

எருமப்பட்டிக்கு அவளை வரச்சொன்னது அவர் மனைவி பாவாயிதான். போன வாரம் காற்றே இல்லாத ஒரு மதியத்தில் பண்ணையின் பாதிக் கோழிகள் கூண்டுக்குள்ளேயே வாயைப் பிளந்து செத்துப்போயின. போர்க் கிணறு வற்றிவிட்டது. தண்ணி வண்டிக்காரன் போனையே எடுப்பதில்லை. மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற இருந்தது தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீர் மட்டும். இந்த நேரத்தில்தான் வக்கீல் தேவிப்ரியா அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்து நிற்கிறாள்.

"உலகக் கோர்ட்டே சொல்லிருச்சுங்கய்யா. பூமி சூடாகாமப் பாத்துக்கறது ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் சட்டக் கடமைன்னு. அரசாங்கத்து மேல நாங்க போட்டிருக்கற கேஸ்ல நீங்களும் சேரணும்."

"ஆரு கேட்டுச் சொன்னாங்க?"

"கடல்ல முழுகிட்டிருக்கற ஒரு சின்னத் தீவு நாடுங்க."

"இப்ப முழுகறது நின்னுருச்சா அம்மணி?"

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"வண்டித்தடம் எனக்குத்தான்னு எனக்கும் ஒருக்கா தீர்ப்பாச்சு. கோர்ட் உத்தரவோட அமீனா வந்து வேலியைப் பிரிக்கற வரைக்கும் அதுல ஒரு ஆட்டுக்குட்டி போக முடியல. உங்க கோர்ட்டுக்கு அமீனா ஆரு?"

"அப்படி யாரும் இல்லீங்க. அதைத் தீர்ப்புன்னும் சொல்ல முடியாது. கருத்து. ஆனா நம்ம கோர்ட்டுல எடுத்துக்காட்டி வாதாடலாம்."

"கருத்து எங்கூட்டுக்காரியுந்தான் சொல்றா."

"என்னைக்குக் கேட்டீங்க?" என்றாள் பாவாயி, கொட்டகைக்குள்ளிருந்து.

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது, முழுதாக வரவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பில் அவள் முகம் கறுத்திருந்தது. பொய் சொல்லப் பழகாத பெண் என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொய்யென்றால் திட்டி அனுப்பிவிடலாம். கடமை என்று எழுதியும் வைத்து, செய்யவைக்க ஆளில்லை என்றால் யாரைப் போய்த் திட்டுவது?

"கேசு எப்ப எடுப்பாங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஜூன்லதானுங்க. இப்ப கோர்ட்டுக்குக் கோடை லீவு."

"வெயிலுக்கா?"

"ஆமாங்க."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். உள்ளே கோழிகள் கத்தவில்லை. கத்தினால்கூடத் தேவலாம்.

"பேரு வேணும்னா போட்டுக்க சாமி. இதுல எனக்கு நம்பிக்கை இல்ல" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் வாளியைச் சாய்த்து மொண்டுகொண்டு கொட்டகைக்குள் நடந்தார். பக்கவாட்டில் தொங்கிய சாக்குகளை ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டே போனார். கடைசிச் சாக்கை நனைத்துவிட்டுத் திரும்பியபோது, முதல் சாக்கு காய்ந்து, தகரம்போல விறைத்து நின்றது.