நாற்காலிக்காரரின் முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையின் மூன்றாவது மாடியில் பிறந்தது. அங்கே முதுகு பிடித்துவிடும் மசாஜ் நாற்காலியில், வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அப்படியொரு நிம்மதியான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியை வாங்கிவிட்டேன்.

அது வந்து பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டது. மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முதுகுவலி யாருக்கு?"

எனக்கு வேண்டியிருந்தது அந்த முகம். நாற்காலி முதுகை நன்றாகத்தான் பிசைந்தது. முகம் மட்டும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரியே இருந்தேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

நுகர்வு வெறியின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் மனித குலம்— (எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

அன்று வெளியே மழை பெய்து— (பெய்யவில்லை. பெய்திருந்தாலும் தெரிந்திருக்காது, அந்த மாடியில் ஜன்னலே கிடையாது.)

சண்டை போடக் கடைக்குப் போனேன். (இது தேறும்.)

ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினால் உங்கள் முகம் வரும் என்று நாற்காலிக்காரரிடம் கேட்டேன். (இனி அவருக்கு இதுதான் பெயர்.) அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அது நாற்காலி இல்லை. உட்கார்ந்ததும் நான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவேன். பாதி நேரம் இது ஓடுதா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? கொஞ்சம் கிளறினேன். சில நாள் ஜெபத்திலேயே தூங்கிப்போய்விடுவதாகவும், அன்றைக்குத்தான் விற்பனை அமோகமாக இருக்கும் என்றும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். அப்பாடா, எழுதலாம்.

ஒரு காலத்தில் அவரும் என்னைப்போலத்தானாம். கடையிலிருந்து புதுச் சாமான் பெட்டி வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் குஷி, பிறகு அடுத்த பெட்டி. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெட்டிகள் நிறைந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து இயேசுவிடம் வாய்விட்டு அழுதிருக்கிறார். (மனைவி பிழைத்துவிட்டார். கணவரின் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்.)

"எதுவும் கையில வந்து விழலை சார். ஆனா அவர் என்கூட இருக்கார்னு தெரிஞ்சுது. அது இன்னும் பழசாகலை."*

* நானும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன்தான். கடைசி வரிசை. பிரசங்கத்தின்போது ஃபோனில் தள்ளுபடி பார்க்க அதுதான் வசதி.

4

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, மேனேஜரே கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலிக்காரரின் முகத்தைப் படமெடுத்து, 'இந்த நிம்மதி உங்கள் வீட்டிலும்' என்று எழுதி, கடை வாசலில் ஆளுயரத்துக்கு வைக்கப்போகிறாராம். மறுநாள் காலை படம். சம்மதித்தால் அந்த மாடிக்கே பொறுப்பாளர். இல்லையென்றால் கடை வேறு முகம் பார்த்துக்கொள்ளும், இவர் வீட்டுக்குப் போகலாம். (மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு மேனேஜர்.)

"அது பொய் சார்," என்றார் நாற்காலிக்காரர். "ஆனா இந்த வயசுல எனக்கு வேற வேலை யார் தருவா? நீங்க கதை எழுதுறவர்தானே, என்னை என்ன செய்ய வைப்பீங்க?"

5

முடிவு அ: மறுக்கிறார். மேனேஜர் மனந்திரும்ப, மாடி முழுக்க முழங்காலில் நிற்கிறது. (மனைவி படித்துவிட்டு, "சும்மா இருங்க" என்றாள்.)

முடிவு ஆ: படத்துக்கு உட்காருகிறார். கண்ணை மூடுகிறார். எவ்வளவு முயன்றும் அந்த முகம்— (வேண்டாம். அவருக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ-யை எழுத உட்கார்ந்தபோது அவரே ஃபோன் செய்தார். படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வேலை இருக்கிறதா இல்லையா என்பது காலையில் போனால்தான் தெரியுமாம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு."

"அப்ப அந்த நிம்மதி?"

"அதுவும் இருக்கு சார். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு."

6

அவர் வேலை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வேலை மிஞ்சியது என்றால், விசுவாசம் லாபமான சரக்கு என்று எடுத்துக்கொள்வீர்கள். போய்விட்டது என்றால், பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கதையைப் புரட்டுவீர்கள். எப்படி எழுதினாலும் அவர் முகத்தை ஆளுயரத்துக்கு வாசலில் வைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு அவர்மேல் பொறாமை. அந்த நிம்மதி எனக்கு வேண்டும், ரொம்ப வேண்டும். எழுதுவதை நிறுத்திவிட்டு, கொடுக்கக்கூடியவரிடமே கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஆண்டவரே, எனக்கு ஒரு— (கடையில் கேட்கிற மாதிரியே வருகிறது.)

ஆண்டவரே,

இந்த மாதிரிக் கதைகளில் மீதியை வாசகர் கையில் கொடுத்துவிடலாம். இந்த ஜெபத்தைக் கொடுக்க முடியாது. தப்பாக நினைக்காமல் கொஞ்சம் தள்ளி இருங்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.