ஒரு அளவு சின்னது

ஆறு வருடமாகக் கல்வராயன் மலை ஆய்வு நிலையத்தில் பறவைகளின் காலில் நம்பர் பொறித்த வளையம் மாட்டுகிறேன். மூவாயிரத்துக்கு மேல் மாட்டியாயிற்று. மலையை விட்டு இறங்கிய பிறகு எது எங்கே போயிற்று என்று ஒரு தகவலும் இல்லை. கிணற்றில் போட்ட கல்தான். நிலையத்தை மூடப்போவதாகப் பேச்சு. எனக்கும் அலுத்துவிட்டது. காய்ச்சலைச் சாக்காக வைத்து முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஜரினா அக்கா ஒரு கூடையை மூடி எடுத்துவந்தார்.

“ஒரு வாரமா எங்க மாடில ஒத்தக் கால்லயே நிக்குது. கால்ல என்னமோ மாட்டியிருக்கு. ஒன் வேலைதானா பாரு.”

வாலாட்டிக் குருவி. எங்கள் வளையம். நம்பரை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பிறகுதான் காலைப் பார்த்தேன். சதை வீங்கி, வளையம் உள்ளே புதைந்திருந்தது.

லேப்டாப்பில் பதிவைத் தேடினேன். அக்டோபர், மழை நாள். வளையமிட்டவர்: நிர்மலா. நான்தான். நினைவு வந்துவிட்டது. சரியான அளவு வளையம் மேல் முகாமில் இருந்தது. ஏறிப் போய் எடுத்துவரத் தெம்பில்லை. கையிலிருந்த சின்னதை மாட்டிப் பறக்கவிட்டேன்.

நிலையத் தலைவர் எழிலரசன் சாருக்குப் போன் செய்தேன்.

“இந்த ஒண்ணு போதும்மா, இனிமே மூட மாட்டாங்க” என்றார். கால் வீங்கியதையும் வளையம் சின்னது என்பதையும் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

“கழட்டிடு. ஆனா அளவு தப்புன்னு எழுதாத. ஒண்ணு தப்புன்னா மூவாயிரமும் தப்புன்னுவாங்க.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜரினா அக்கா குருவியைப் பிடித்துக்கொள்ள, மூக்குக்குறடால் வளையத்தை விரித்து எடுத்தேன். விட்டதும் மதிலில் போய் உட்கார்ந்தது. புண்பட்ட காலை ஊன்றிப் பார்த்தது, தூக்கிக்கொண்டது. பிறகு பறந்துவிட்டது.

“திரும்ப மலைக்கு வந்தா அடையாளம் தெரியுமா?” என்றார் அக்கா.

“தெரியாதுக்கா. புதுசுன்னு நெனச்சி இன்னொண்ணு மாட்டுவேன்.”

நிலையத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தை லேப்டாப்பில் திறந்தேன். வளையமிட்டவர் என்ற கட்டத்தில் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. கழற்றியவர் என்ற கட்டத்திலும் என் பெயரையே போட்டேன். காரணம் கேட்ட இடத்தில், ‘வளையம் சிறியது. தெரிந்தேதான் மாட்டினேன்’ என்று எழுதி அனுப்பினேன்.