உரிமையாளர் இருக்கிறார்

யார் யாரோ எழுதும் மென்பொருள் பேக்கேஜ்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கிடங்கு எங்களுடையது. அதன் அட்டவணையை வடிவமைத்தவன் நான். பேக்கேஜுக்கு ஒரு வரி: பெயர், பதிப்பு, வேறு எவற்றை நம்பி ஓடுகிறது, உரிமையாளர் யார், அவர் இருக்கிறாரா. கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: இருக்கிறார். மாதம் ஒருமுறை உரிமையாளருக்கு "இருக்கிறீர்களா?" என்று மெயில் போகும். பட்டனை அழுத்தினால் அந்தச் சொல் நிற்கும். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் அழிந்துவிடும். பேக்கேஜை வேறொருவர் எடுத்து நடத்தலாம். அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது.

"உரிமையாளர் செத்துட்டா அதுக்குன்னு ஒரு கட்டம் வேணாமா சார்?" என்று சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண், அட்டவணையை எல்லோருக்கும் காட்டிய அன்றைக்கே கேட்டாள்.

"செத்தவங்க வந்து பட்டனையா அழுத்தப் போறாங்க? மூணு மாசத்துல தானா போயிடும்" என்றேன். அறையே சிரித்தது. எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

போன வாரம் அவள் என் மேசைக்கு வந்தாள். தேதிகளைக் கணக்கிடும் ஒரு சின்ன பேக்கேஜில் ஓட்டை. அதன் வழியாகத் திருடர்கள் புகுந்து, அதைப் பயன்படுத்தும் மூன்று மருத்துவமனைகளின் கோப்புகளைப் பணம் கேட்டுப் பூட்டிவிட்டார்கள். ஏழு வாரமாக எச்சரித்தும் உரிமையாளரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

"பட்டனை மட்டும் மாசாமாசம் டாண்ணு அழுத்துறாங்க சார். என்ன கல்நெஞ்சோ."

பெயரைப் பார்த்தேன். என் அக்கா. அவள் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. மறைப்பானேன், ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் தனியாக இருந்தார். சாப்பாட்டு மேசையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது, சார்ஜர் செருகியபடி. அதில் மட்டும் தூசி இல்லை.

"நீங்கதான் அழுத்துறீங்களா?"

"மாசம் ஒரு தடவை இருக்கியான்னு கேக்குது. இல்லைன்னு எப்படிடா சொல்றது?"

"மத்த மெயிலெல்லாம் படிக்கலையா?"

"அதெல்லாம் எனக்கு எங்க புரியுது? இது ஒண்ணுதான் புரிஞ்சுது."

மருத்துவமனைகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்றில் அறுவை சிகிச்சைகளே நின்றுபோனதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவ பேர்லயா?"

"அவ பேர்லதான் அத்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் பாதிதான் அவர் மேல்.

"நீயே மாத்திடு" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அட்டவணையில் புதுக் கட்டத்தை முந்தின நாளே சேர்த்திருந்தேன். என் கணினியைத் திறந்து அக்காவின் வரியில் 'காலமானார்' என்று நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் பெயர் அவளுடையது. சேமித்தேன்.

எதிரே அவள் லேப்டாப் டிங் என்றது.

மறந்தே போயிருந்தேன். உரிமையாளர் பற்றி நாங்கள் கையால் செய்யும் எந்த மாற்றத்துக்கும் உரிமையாளரே சம்மதிக்க வேண்டும். அதுவும் நான் போட்ட விதிதான். அதைத் தாண்டிப் போக எனக்கேகூட வழி வைக்கவில்லை, அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். "உங்கள் நிலை 'காலமானார்' என்று மாற்றப்படுகிறது. உங்களுக்குச் சம்மதமா?"

என்னைப் பார்த்தார். "அவளைக் கேக்குதுடா."



அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, அடுத்த மெயில் எந்தத் தேதி வரும் என்று கேட்டார். இனி வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.